ஏலத்தில் போன தாழ்ப்பாள்

தொட்டில் தானாக ஆடுகிற சத்தம் கேட்டது, சிஸ்டர். கிரீச், கிரீச் என்று. இரும்பு ஸ்பிரிங் போட்ட தொட்டில் அது. பிள்ளை தூங்கின பிறகு நான் அதைத் தொடவே மாட்டேன். தொட்டால் அந்தச் சத்தத்திலேயே எழுந்துவிடும். மணி ஏழே முக்கால் இருக்கும், இருட்டிவிட்டது. நான் பின்பக்கம் பால் புட்டி கழுவிக்கொண்டிருந்தேன். என் கணவர் ஊரில் இல்லை. வீட்டில் நானும் ஆறு மாதப் பிள்ளை ஹெப்சியும்தான். நான் இங்கே நிற்கிறேன். ஹெப்சிக்குத் தன்னைத்தானே ஆட்டிக்கொள்ளத் தெரியாது.

பேய் என்று நான் நினைக்கவில்லை. பேயாக இருந்தால் பரவாயில்லை என்றுதான் நினைத்தேன். பேய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறாது.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பொழுது சாய்ந்ததும் கதவுக்குத் தாழ் போட வேண்டும் என்று எட்டு வருஷம் ஹாஸ்டலில் சொல்லிக் கொடுத்தேனே, ஏன் போடவில்லை என்பீர்கள். போட என் வீட்டில் தாழ்ப்பாள் இல்லை, சிஸ்டர். அதை ஏலம் போட்டுவிட்டார்கள்.

இதை உங்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். என் கணவர் ஜெயசீலன் குருவானவர். எங்கள் புராட்டஸ்டண்ட் சபைகளில் பாதிரியாரை ஐயர் என்பார்கள். அதனால் நான் ஐயரம்மா. இருபத்தாறு வயதில் எழுபது வயதுக் கிழவருக்கும் நான் அம்மா. ‘எங்கள் சாமியாருக்குக் கல்யாணம் கிடையாது, உங்கள் ஐயருக்கு உண்டு, அவ்வளவுதான் வித்தியாசம்’ என்று நீங்கள் வகுப்பில் சொல்லுவீர்கள். அது அவ்வளவு இல்லை. உங்கள் சாமியார் கட்டிக்கொள்ளாததால் உலகத்தில் ஒரு பெண்ணாவது தன் வீட்டுக் கதவைத் தானே சாத்திக்கொண்டு இருக்கிறாள். ஐயருக்குச் சபை கொடுக்கிற வீடு குருமனை; அதில் வாழ்க்கைப்பட்டவளுக்குக் கதவு சபையின் சொத்து, சுவர் சபையின் சொத்து. அடுப்பில் என்ன கொதிக்கிறது என்பது சபையின் விசாரணைக்கு உட்பட்டது. எங்கள் ஊர் எப்ராத்தாவிளையில் மாதர் சங்கத்துப் பெண்கள் வாசலில் ‘ஸ்தோத்திரம்’ என்று ஒரு சத்தம் கொடுப்பார்கள். அது காதில் விழுகிறபோது அவர்கள் அடுக்களையில் சட்டியின் மூடியைத் திறந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

போன ஜூனில் பிஷப்பிடமிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. ‘திறந்த வாசல்’ என்று ஒரு திட்டம். அவருக்குக் கீழே உள்ள திருமண்டலத்துக் குருமனைகள் எல்லாம் துன்பப்படுகிறவர்களுக்கு இரவும் பகலும் திறந்திருக்க வேண்டுமாம். எந்த ஊர் சிறப்பாகச் செய்கிறதோ அந்த ஊருக்கு இந்த வருஷத்துக் கேடயம். பிஷப் பங்களாவுக்கு இரண்டு வாட்ச்மேன் உண்டு, அது வேறு விஷயம். மற்ற ஊர்களில் ‘திறந்த வாசல்’ என்று ஒரு பலகை எழுதி மாட்டி, அதன் கீழே நின்று போட்டோ எடுத்து அனுப்பிவிட்டார்கள். ஊழியம் முடிந்தது.

எங்கள் ஊரில் அப்படி முடியுமா? எங்களுக்கு அருமைநாயகம் இருக்கிறார். சபைச் செயலர், கருப்பட்டி மண்டி வைத்திருக்கிறார். கோயிலுக்கு மூன்று தலைமுறையாகச் சுண்ணாம்பு அடிக்கிற குடும்பம். அடித்த சுண்ணாம்பில் எல்லாம் பெயர் எழுதியிருக்கும். பக்கத்து ஊர்க்காரர்கள் கண் முகாம் நடத்தி மூன்று வருஷம் தொடர்ந்து கேடயம் வாங்கிவிட்டார்கள் என்பது அவருக்கு நெஞ்செரிச்சல். மூன்று வருஷமும் அதே ஆட்களின் கண்ணைத்தான் பார்த்தார்கள் என்பார். அது உண்மைதான்.

அவர் கமிட்டியில் எழுந்து, பலகை யார் வேண்டுமானாலும் மாட்டலாம், நாம் தாழ்ப்பாளையே கழற்றுவோம் என்றார். தாழ்ப்பாள் இருக்கிற கதவு எப்படித் திறந்த வாசல் ஆகும் என்று கேட்டார்.  குருமனையின் முன்கதவு, நடுக்கதவு, பின்கதவு ஆகியவற்றின் தாழ்ப்பாள்களைக் கழற்றிக் கர்த்தருடைய சமுகத்தில் படைப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம். வெளியே இருக்கிற குளியலறையை விட்டுவிட்டார்கள். அதையும் சேர்க்கலாம் என்று ஒருவர் திருத்தம் கொண்டுவந்து தோற்றுப்போனார். என் கணவர்தான் தலைவர், கையெழுத்துப் போட்டார். வீட்டுக்கு வந்து, இது நமக்குப் பெரிய சாட்சி ஜெனிட்டா என்றார். அடுத்த நாள் ஆசாரி வந்து திருகாணி கழற்றினான். ஹெப்சிக்கு அப்போது ஒரு மாதம். நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு திருகாணியும் தரையில் விழுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

முதல் வாரம் ராத்திரியில் கதவுக்குப் பின்னால் கேஸ் சிலிண்டரை உருட்டி வைத்தேன். அவர் எழுந்து வந்து அதை உருட்டி ஓரமாக வைத்துவிட்டுப் படுத்தார். தூங்கவும் செய்தார். அதுதான் எனக்கு ஆச்சரியம். நான் விழித்திருந்தேன், தொட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு.

எங்கள் அறுப்பின் பண்டிகையை நீங்கள் பார்த்ததில்லை. ஜனங்கள் விளைந்ததை எல்லாம் கொண்டுவந்து பலிபீடத்துக்கு முன்னால் குவிப்பார்கள். ஆராதனை முடிந்ததும் வெளியே வேப்பமரத்தடியில் ஏலம். பக்தி ஏறிவிட்டால் ஒரு பூசணிக்காய் ஆட்டுக்குட்டி விலைக்குப் போகும். அப்படிக் குவித்த பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் நடுவில், தாம்பாளத்தில் வெல்வெட் துணி போட்டு, என் வீட்டுத் தாழ்ப்பாள் மூன்றும். படைத்த பொருள் எதுவானாலும் ஏலத்துக்கு வந்தாக வேண்டும், அது இந்த ஊர் முறை. இதையும் ஏலம் போடுவதா, திருப்பி எடுத்து வைப்பதா என்று ஒரு ஆத்துமாவும் யோசிக்கவில்லை. சின்னது இரண்டையும் யாரோ பழைய இரும்புக்கு எடுத்தார்கள். முன்கதவுத் தாழ்ப்பாள் வெள்ளைக்கார மிஷனரி காலத்துப் பித்தளை, ஒன்றரைச் சாண் நீளம். அதை அருமைநாயகமே விடாமல் கேட்டு எடுத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். பிள்ளை கையில் இருந்ததால் ஒரு கையால் தொடையில் தட்டினேன்.

அதற்குப் பிறகு அந்தத் திறந்த வாசல் வழியாக வந்தவர்களைச் சொல்கிறேன், கேளுங்கள். எவர்சில்வர் பாத்திரக்காரன் வந்தான், ஹாலில் கடை விரித்தான். ஒரு வெள்ளாடு வந்து ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் இரண்டு பக்கத்தைத் தின்றது. அந்த வாரம் பிரசங்கம் சுருக்கமாக, நன்றாக இருந்தது. குடித்துவிட்டு ஒருவர் வந்து பெஞ்சில் படுத்து, என்ன குழம்பு என்று கேட்டார். குளிக்காத கையோடு ஆள் ஆளுக்குப் பிள்ளையைத் தூக்கினார்கள், ஒரு கிழவி அவள் வாயில் கருப்பட்டியை வைத்தாள். துன்பப்படுகிறவர் என்று ஒருவர்கூட வரவில்லை. அந்த வீட்டில் துன்பப்பட்டது நான் ஒருத்திதான், நான் ஏற்கெனவே உள்ளே இருந்தேன்.

அருமைநாயகத்துக்கு ஒரு மருமகள், பியூலா. மார்த்தாண்டத்துப் பெண், நர்ஸ் படிப்பு. மே மாதம் கல்யாணம். மாப்பிள்ளை ரூபஸ் கப்பலில் வேலை. வந்த புதிதில் அவள் பாடகர் குழுவில் சேர்ந்தாள். குரல் என்றால் அப்படி ஒரு குரல். அவள் பாடினால் நான் வாயசைப்பது போதும் என்று ஆகிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் கான்வென்டில் பாட்டுக்குப் பரிசு வாங்கினவள் நான், அது உங்களுக்குத் தெரியும். செப்டம்பரிலிருந்து அவள் கோயிலுக்கு வரவில்லை. மனசு சரியில்லை, வீட்டில் வைத்து ஜெபம் பண்ணுகிறோம் என்று அருமைநாயகம் சொன்னார். மாதர் சங்கத்தில் ஜெபக்குறிப்பில் அவள் பெயரைச் சேர்த்தோம், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கும் பரீட்சை எழுதுகிறவர்களுக்கும் நடுவில்.

என் கணவர் வீடு சந்திக்கப் போனார். அவள் தூங்குகிறாள் என்று சொன்னார்களாம். அவள் அறைக் கதவில் கையை வைத்து ஜெபித்துவிட்டு வந்தார். சாப்பிடும்போது சொன்னார், “நம்ம தாழ்ப்பாள் அந்த ரூம் கதவுலதான் இருக்கு. எண்ணெய் போட்டுப் பளபளன்னு வச்சிருக்காங்க.”

“அங்கயாவது ஒரு பொம்பள நிம்மதியாத் தூங்கட்டும்” என்றேன்.

இரண்டு பேரும் சிரித்தோம். அவர் இன்னொரு அப்பளம் கேட்டார்.

சரி, தொட்டிலுக்கு வருகிறேன். கையில் கிடைத்தது புட்டி கழுவுகிற பிரஷ். அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உள்ளே போனேன். சிரிக்காதீர்கள். தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் ஒருத்தி குந்தியிருந்தாள். நைட்டி, மேலே ஒரு துவாலை, செருப்பில்லாத கால் முழுக்கத் தேரிச் செம்மணல். ஒரு கை தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தது. பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்தேன். 

“அக்கா, பிள்ளை சிணுங்குச்சு. அதான் ஆட்டினேன். நான் பியூலா” என்றாள்.

என்னைவிட இரண்டு வயது மூத்தவள், அக்கா என்கிறாள். அவளை எனக்கு அடையாளம் தெரியவில்லை. பாதியாகியிருந்தாள். உதடு ஒரு பக்கம் வீங்கி, மணிக்கட்டைச் சுற்றி வளையல் போட்டதுபோலக் கறுப்பு. தொட்டிலை அவ்வளவு வேகமாக ஆட்டினால் பால் எதிரெடுக்கும் என்று சொன்னேன். முதலில் என் வாயில் வந்தது அதுதான். அவள் உடனே மெதுவாக ஆட்டினாள்.

அவள் சொன்னதை அவள் சொன்ன வரிசையில் சொல்லத் தெரியவில்லை. ரூபஸ் ஆகஸ்டில் லீவில் வந்திருக்கிறான். அவள் மறுபடி ஆஸ்பத்திரி வேலைக்குப் போகிறேன் என்றிருக்கிறாள். அடி. ஒரு நாள் பஸ் ஏறிவிட்டாள். அடுத்த ஊர் போலீஸ் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்தால், குடும்ப விஷயம் என்று அவர்களே ஜீப்பில் ஏற்றிக்கொண்டுவந்து மாமனார் வாசலில் விட்டார்கள். அன்றிலிருந்து அந்த அறைதான். இரண்டரை மாதம். இன்றைக்கு மாமியார் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டுப் போனவள் தாழ்ப்பாளைப் போடவில்லை. மறந்துவிட்டாளா, இல்லையா தெரியாது. முகத்தைப் பார்க்காமல் போனாள் என்றாள்.

“தாழ்ப்பாள் எங்க இருக்கு? உள்பக்கம்தான?” என்று கேட்டேன்.

“வெளிப்பக்கம் அக்கா. உங்க வீட்டுத் தாழ்ப்பாள்தான்.”

என் கணவர் அந்தக் கதவில்தான் கையை வைத்து ஜெபித்தார். அவருக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும், சிஸ்டர். ஈஸ்டரிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன், கேட்டால்தானே. ஒரு தாழ்ப்பாள் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யார்தான் கவனிப்பார்கள்? ஐயரை உள்ளே இருந்து கூப்பிட்டேன் என்றும் அவள் சொன்னாள். ஐயருக்கு ஜெபம் என்று வந்துவிட்டால் சத்தம் கொஞ்சம் கூடுதல். பக்கத்தில் இடி விழுந்தாலும் காதில் ஏறாது. இதை அவளிடமும் சொன்னேன். அவள் தொட்டிலை ஆட்டினாள்.

இத்தனை வீடு இருக்க இங்கே எதற்கு வந்தாய் என்று கேட்டேன். வாசலில் பலகையைப் பார்த்தேன் என்றாள். பலகையும் மாட்டியிருந்தார்கள், நான் சொல்ல மறந்துவிட்டேன்.

அவள் அம்மா நம்பர் அவளுக்கு மனப்பாடம். என் போனில் பேசினாள். பேசினாள் என்பதைவிட, அந்தப் பக்கம் அழுததை இந்தப் பக்கம் நின்று கேட்டாள். அம்மாவும் மாமாவும் அப்போதே காரில் கிளம்புகிறார்கள். மூன்று மணி நேரமாகும். மூன்று மணி நேரம் என்னை வச்சிருங்க அக்கா, அது போதும் என்றாள். எங்கே வைப்பது? என் வீட்டைச் சுற்றி இருக்கிற பதினொரு வீட்டிலும் அருமைநாயகத்தின் சொந்தக்காரர்கள். குளியலறை தகரக் கதவு. ரூபஸ் தும்மினால் திறந்துகொள்ளும்.

என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் திருமண்டல அலுவலகத்தில் திறந்த வாசல் கருத்தரங்கில் இருந்தார். ஆமாம், கேடயம் எங்களுக்குத்தான். மறுநாள் காலையில் வாங்க வேண்டும். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, நீ ஒன்றும் பண்ணாதே, அவர்கள் வந்தால் காப்பி போட்டுக் கொடு, அருமைநாயகம் அண்ணாச்சி நல்ல மனுஷன், நான் வந்து பேசிக்கொள்கிறேன் என்றார். பின்னால் கைதட்டுகிற சத்தம் கேட்டது. போனை வைத்துவிட்டார். அவர் சுபாவம் அப்படி. யாரையும் பகைக்க மாட்டார். எல்லாரும் அதைத்தான் அவரிடம் மெச்சுகிறார்கள்.

நான் தைரியசாலி இல்லை. உங்களுக்கே தெரியும், ஹாஸ்டலில் கழிவறைக்குப் போக மூன்று பேரை எழுப்புவேன். உண்மையைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் என் மனதில் ஓடினது ஒன்றுதான். இவள் எழுந்து பின்பக்கமாக எங்கேயாவது போய்விட்டால் நன்றாக இருக்கும், என் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. அதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே பால் பொங்க வைத்தேன். காப்பி போடச் சொன்னாரே.

எட்டரைக்கு இரண்டு டார்ச் வெளிச்சம் வந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. தட்ட வேண்டிய அவசியம் இல்லை. அருமைநாயகம், வெள்ளைச் சட்டை, வேட்டி. பின்னால் ரூபஸ், சென்ட் வாசனை, கணுக்காலுக்கு மேல் வரைக்கும் கயிறு கட்டின ஷூ. ஞாயிற்றுக்கிழமை காணிக்கை எண்ண வந்து உட்காருவதுபோல உட்கார்ந்தார்கள். காப்பி கொடுத்தேன். குடித்தார்கள். டிகாஷன் நல்லாருக்கு என்றார் அருமைநாயகம்.

“எங்க வீட்டுப் பிள்ளை இங்க வந்திருக்கு போல.”

பொய் சொல்லக் கூடாது என்று பழக்கிவிட்டீர்கள். “ஆமா அண்ணாச்சி. உள்ள, பிள்ளையப் பாத்துக்கிட்டு இருக்கா.”

“நாங்க கூட்டிட்டுப் போயிருதோம். சொகமில்லாத பிள்ளைம்மா. கைப்பிள்ளை இருக்கிற வீடு. என்னத்தையாவது செஞ்சிட்டான்னா ஐயருக்கு ஆரு பதில் சொல்லுதது?”

பெற்றவளிடம் எதைச் சொன்னால் பயப்படுவாளோ அதைப் பார்த்துச் சொன்னார். நான் ஒரு நிமிஷம் சரி என்றுதான் சொல்லப் போனேன். வாயில் ‘ச’ வந்துவிட்டது. அதற்குள் ரூபஸ் எழுந்து திரைத்துணியை விலக்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். படுக்கையறைக்குக் கதவு கிடையாது, திரைத்துணிதான். அது இந்தத் திட்டத்துக்கும் முந்தியே அப்படி.

பியூலா நின்றுகொண்டிருந்தாள். ஹெப்சி அவள் தோளில், பாதித் தூக்கத்தில், அவள் துவாலையைச் சப்பிக்கொண்டு. ரூபஸ் கத்தவில்லை. மெதுவாக, கொஞ்சுகிற மாதிரி, “வா பியூலா, போவோம்” என்று சொல்லி அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். பிள்ளை இருந்த கை, சிஸ்டர். என் பிள்ளையைத் தாங்கிக்கொண்டிருந்த கை. ஹெப்சியின் தலை ஒரு பக்கம் தொங்கிவிட்டது. பியூலா விழுந்திருக்க வேண்டும். விழவில்லை, சுவரில் முதுகைக் கொடுத்து, மற்றக் கையால் பிள்ளையின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் இழுக்க இழுக்க அவள் அந்தக் கையை மட்டும் விட்டுக்கொடுத்தாள். இழுபட்டாலும் பிள்ளை அசையவில்லை.

அப்புறம் நான் பேசினேன். பியூலாவுக்காகப் பேசினேன் என்று நாளைக்கு யாராவது சொன்னால் நம்பாதீர்கள். தூங்குகிற பிள்ளையை ஒருவன் எழுப்பப் பார்த்தான், அந்த எரிச்சல், அவ்வளவுதான்.

“அண்ணாச்சி, ஜெபம் பண்ணாம இந்தப் பிள்ளைய அனுப்பினா ஐயர் என்னைக் கோவிப்பாரு” என்றேன். “கோயில்ல வச்சு ஒரு ஜெபம் பண்ணிப் புத்தி சொல்லி, நானே உங்க கையில ஒப்படைக்கிறேன்.”

எங்கிருந்து வந்தது அந்தக் குரல் என்று தெரியவில்லை. வருடாந்திரக் கூட்டத்தில் வாழ்த்துரை சொல்கிற குரல் அது; என் கணவர் எழுதிக் கொடுத்து நான் ஒப்பிப்பேனே, அது. அருமைநாயகத்தின் முகம் மலர்ந்தது. எங்கள் சபையில் எதையும் எதிர்த்துத் தீர்மானம் கொண்டுவரலாம். ஜெபம் வேண்டாம் என்று மட்டும் ஒரு மனுஷன் வாய் திறந்து சொல்ல முடியாது. அதிலும் செயலர்.

“கேட்டியால, ஐயரம்மா சொல்லுததை. கைய விடு” என்றார் மகனிடம். என்னிடம், “நல்ல காரியம்மா. இதையும் திருமண்டலப் பத்திரிகைக்கு எழுதலாம். குடும்பத்தை ஒண்ணு சேத்த ஊழியம்” என்றார்.

அவரே டார்ச் அடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நான் சேலைத் தலைப்பை எடுத்து முக்காடு போட்டேன். பியூலா துவாலையைத் தலையில் போட்டாள். பிள்ளையை என்னிடம் கொடுக்கவில்லை; நானும் கேட்கவில்லை. ரூபஸ் அவள் முதுகுக்குப் பின்னால் ஒரு எட்டு விட்டு வந்தான். ஷூ மணலில் சரக் சரக் என்றது. அவள் என் பக்கம் சாய்ந்து, அக்கா என்னைய விட்டுருவீங்களா என்று கேட்டாள். முழங்கால் படியிட வேண்டியிருக்கும், மண்ணைத் தட்டிக்கொள் என்று சொன்னேன். ரூபஸின் காதில் விழட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். அவளும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன்; ஒரு கையால் நைட்டியைத் தட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. வெள்ளிதோறும் பாடகர் பயிற்சி இருக்கும். அது முடிந்ததும் மணி அடிக்கிற மோசே பக்கக் கதவுகளை உள்பக்கம் தாழ் போட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்; முன்கதவைப் பூட்ட ஒன்பது மணிக்குத்தான் வருவார். அதுவரைக்கும் உள்ளே ஒரு விளக்கு எரியும், முன்கதவு ஒருக்களித்திருக்கும். அன்றைக்கும் அப்படித்தான் இருந்தது.

வாசலில் ஐந்து படி. இந்த ஊரில் அந்த முதல் படியில் செருப்போடு யாரும் கால் வைக்கக் கூடாது. பிஷப்பாக இருந்தாலும் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏற வேண்டும். போன மாதம் ஒரு பெரிய அதிகாரி பூட்ஸோடு ஏறி, இரண்டாவது படியிலிருந்து அருமைநாயகத்தால் இறக்கப்பட்டார். நான் ரப்பர் செருப்பை உதறினேன். பியூலாவுக்குக் கழற்ற ஒன்றும் இல்லை. அருமைநாயகம் தன் தோல் செருப்பைக் கழற்றி, குனிந்து எடுத்து, இரண்டையும் ஜோடியாகச் சுவர் ஓரம் வைத்தார். அவர் அப்படி ஒழுங்கான மனுஷன். ரூபஸ் ஒரு முழங்காலை மடித்து உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். முடிச்சு இறுகியிருந்தது போல.

நான் ஓடவில்லை. ஓடினால் தெரிந்துவிடும். கோயிலுக்குப் போகிறவள் போலத்தான் ஏறினேன், ஒவ்வொரு படியாக, பியூலாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு. உள்ளே போனதும் அவளை விட்டுவிட்டுக் கதவைப் பிடித்துத் தள்ளினேன். நகரவில்லை. தேக்குக் கதவு, அடிப்பக்கம் தரையில் உரசுகிறது. பகலில் மோசேயும் இன்னொருவரும் சேர்ந்துதான் சாத்துவார்கள். பியூலா பிள்ளை இல்லாத தோளைக் கொடுத்தாள். கதவு ஒரு உறுமலோடு நகர்ந்தது.

அந்தச் சத்தத்தில் ரூபஸ் நிமிர்ந்தான். புரிந்துவிட்டது. ஒரு காலில் ஷூ, ஒரு காலில் வெறும் காலுறை, அப்படியே பாய்ந்து முதல் படியில் கால் வைத்தான். இடுக்கு வழியாக அவன் முகத்தைப் பார்த்தேன். ஒரு ஆள் நுழைகிற அளவு இடுக்கு இருந்தது. இன்னும் நான்கு படி. அவனுக்கு அது இரண்டு எட்டு.

அருமைநாயகம் அவன் சட்டைக் காலரைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

“ஷூவோட ஏறாதல” என்றார்.

எங்கள் மேல் இரக்கப்பட்டு இல்லை. அவருக்கு என்ன நடக்கிறது என்றே அப்போது தெரியவில்லை. நாற்பது வருஷமாக ஊரில் எவனைப் பார்த்தாலும் செய்கிறதை மகனுக்கும் செய்தார். ரூபஸ் திமிறினான், அவர் விடவில்லை; கோயில் படி, கோயில் படி என்று சொல்லிக்கொண்டேயிருந்தார். பிறகு தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். நான் இடுக்கில் நின்று, கை கூப்புகிற இடத்தில் இல்லாததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

“ஜெபம் கொஞ்சம் நீளமாயிரும், அண்ணாச்சி” என்றேன்.

இரண்டு கதவும் சேர்ந்தன. குறுக்கே போடுகிற மரத்தாழ் என் இடுப்பு உயரத்தில், கையால் சுற்றிப் பிடிக்க முடியாத கனம், மழையில் ஊறி இறுகிப்போயிருந்தது. ஒரு கைக்கு அது அசையாது. ஹெப்சி பியூலாவின் தோளில் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள். நான் இரண்டு கையையும் கொடுத்து, முக்காடு நழுவக் காலை ஊன்றித் தள்ளினேன். தாழ் மெதுவாக நகர்ந்து, சுவரில் இருந்த துளைக்குள் போய் உட்கார்ந்தது.